அவர்கள் மறுக்கவில்லை

மலைமக்களுக்கு வந்த தடுப்பூசியை நான் போட்டுக்கொண்டேன். பிறகு, மலைமக்கள் தடுப்பூசிக்குப் பயப்படுகிறார்கள் என்று நானே சொல்லித் திரிந்தேன். கடைசியில் அதையே ஒரு பட்டியலில் எழுதி அரசாங்கத்துக்கும் கொடுத்தேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கள்ளக்குறிச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியர் நான். அதற்கு முன்பு பல வருடம் கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தேன். அந்த மக்களின் சோற்றைத் தின்றவன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எந்த இடத்தில் எனக்கு நானே சலுகை கொடுப்பதாகத் தோன்றுகிறதோ, அந்த இடத்தில் என்னை நம்பாதீர்கள்.

2021 ஜனவரி 16 அன்று நாட்டில் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. முதலில் மருத்துவப் பணியாளர்கள். பிப்ரவரியில் முன்களப் பணியாளர்கள். ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் என்பதால், தேர்தல் வேலை பார்ப்பவர்களையும் முன்களப் பணியாளர் கணக்கில் சேர்த்தார்கள். எனக்கு வாக்குச்சாவடிப் பணி. மார்ச் மாதமே ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தட்டுப்பாடு இல்லை, வரிசை இல்லை. கையை நீட்டினால் போதும்.

நான் போகவில்லை. "சர்க்கரை இருக்கு, டாக்டரைக் கேட்டுட்டுப் போட்டுக்கறேன்" என்றேன். எந்த டாக்டரையும் கேட்கவில்லை. எனக்குப் பயம். மற்றவர்கள் முதலில் போட்டுக்கொள்ளட்டும், அவர்களுக்கு என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். பிறர் உடம்பில் சோதித்துப் பார்த்துவிட்டு என் உடம்பைக் கொடுக்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம்.

ஏப்ரல் 1 முதல் 45 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் என்று அறிவித்தார்கள். அப்போதும் போகவில்லை. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், எல்லோரும் பார்க்கும்படி ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றைக்கே சொன்னார்கள். அக்டோபரில் மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அதையே சொன்னது. ஜனங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று கையை நீட்டியவர் அவர். அவருடைய சாவை நான் என் கோழைத்தனத்துக்குச் சாட்சியாக இழுத்துக்கொண்டேன். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோவைப் போட்டு, "யோசிச்சுப் போடுங்க" என்று கீழே எழுதினேன். நான் அறிவியல் ஆசிரியர். நான் எழுதினால் நம்புவார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

கோவிஷீல்டு தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருந்தது. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டியிருந்தது. பத்துப் பேர் சேராவிட்டால் மீதி குப்பைக்குத்தான். ஏப்ரல் 11 வரையிலான கணக்கில், தமிழ்நாட்டில் 12.10 சதவீத மருந்து வீணானதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டவருக்குப் பதில் வந்தது. நாட்டிலேயே அதிகம். வராமல் போன ஆட்களால் வீணானதில் என்னுடையதும் ஒன்று.

மே மாதம் வந்தது. என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திய ஆசிரியர் ஒருவர் இறந்துபோனார். என் வயதுதான். படுக்கை கேட்டுக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம், சேலம் என்று அவர் மகன் அலைந்தான். கள்ளக்குறிச்சிக்குத் தனி மாவட்டம் கிடைத்ததே 2019 நவம்பரில்தான். அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். இடையில் சிக்கிய மே மாதம் அது. 10-ஆம் தேதி முதல் முழு ஊரடங்கு. 21-ஆம் தேதி ஒரே நாளில் மாநிலத்தில் 36,184 பேருக்குத் தொற்று.

மார்ச்சில் ஊசிக்குப் பயந்தவன் இப்போது சாவுக்குப் பயந்தேன். இப்போது ஊசி இல்லை. டவுனில் விடிவதற்கு முன்பே டோக்கனுக்கு ஆள் நின்றது. தடுப்பூசிக்குப் பதிவுசெய்யும் கோவின் தளத்தில் ஸ்லாட் திறந்த நிமிடமே சிவப்பாகிவிடும். நான் ராத்திரியெல்லாம் போனும் கையுமாக இருந்தேன். எண்ணைக் கொடு, ஓடிபி வரும், உள்ளே போ, மாவட்டம் அல்லது பின்கோடு போட்டுத் தேடு, பாதுகாப்புக் குறியீட்டைத் தட்டு, உறுதிசெய். ஒரு எண்ணில் நான்கு பேர். எந்த நேரத்தில் புதிய ஸ்லாட் விழும், எந்தத் திரையில் முன்கூட்டியே காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது. அதில் எனக்கு ஒரு மிதப்பும் வந்தது. ஊரே தவிக்கும்போது வழி தெரிந்தவன் என்ற மிதப்பு.

அப்படித் தேடும்போதுதான் கண்ணில் பட்டது. டவுன் மையங்கள் முழுக்கச் சிவப்பு. மலைமேல் இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் மட்டும் பச்சை.

ஏன் பச்சை என்று எனக்குத் தெரியும். இந்த வாக்குமூலத்தின் மையம் இதுதான். கல்வராயன் மலையின் பல ஊர்களில் போன் பேச வேண்டுமானால் குறிப்பிட்ட ஒரு பாறைக்கோ மேட்டுக்கோ ஏறிப்போக வேண்டியிருந்தது. முந்தைய வருடம் ஆன்லைன் வகுப்பு என்று நாங்கள் ஆரம்பித்தபோது அங்கிருந்த பிள்ளைகள் எங்களைவிட்டு நழுவிப்போனதே அதனால்தான். ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். தளத்தில் அப்போது தமிழ் இல்லை. ஜூன் தொடக்கத்தில் பல இந்திய மொழிகளைச் சேர்த்தபோதுகூட முதலில் தமிழ் விடுபட்டு, மாநில அரசு கேட்ட பிறகே வந்தது. இத்தனையும் தெரிந்த ஆள் நான். ஆளில்லாமல் கிடந்த ஊசிகள் அல்ல அவை. ஆட்களால் எட்ட முடியாத ஊசிகள். அந்த மக்களோடு வாழ்ந்து தெரிந்துகொண்டதை அவர்களுக்கு எதிராகவே பயன்படுத்தி, உறுதிசெய் என்ற பொத்தானை அமுக்கினேன். எனக்கு, என் மனைவிக்கு, மைத்துனருக்கு, அவர் மனைவிக்கு.

அதோடு நின்றிருந்தால் நான்கு ஊசி. நான் நிற்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "மலை சென்டர்ல ஸ்லாட் இருக்கு. பின்கோடு போட்டுத் தேடுங்க. கூட்டமே இருக்காது." ஒரு மாதத்துக்கு முன்பு யோசிச்சுப் போடுங்க என்று எழுதிய அதே குழுவில்தான். "சார் கில்லாடி" என்று ஒருவர் பதில் போட்டார். அந்தச் சொல் எனக்கு இனித்தது. என் செய்தியைப் பார்த்து எத்தனை பேர் பதிவுசெய்தார்கள் என்று நான் எண்ணவில்லை. எண்ண விரும்பவில்லை.

அதே வருடம் ஜனவரியில் ஒரு செய்தி படித்திருந்தேன். கனடாவில் சூதாட்ட நிறுவனம் ஒன்றின் தலைவரும் அவர் மனைவியும் தனி விமானம் பிடித்து, யூகான் பகுதியில் பீவர் க்ரீக் என்ற சின்னஞ்சிறு ஊருக்குப் போனார்கள். அங்கே வாழும் பூர்வகுடிகளின் முதியோருக்காக வந்த தடுப்பூசியை, உள்ளூர் விடுதியில் வேலை பார்ப்பவர்கள் என்று பொய் சொல்லிப் போட்டுக்கொண்டார்கள். பிடிபட்டார்கள், அபராதம் விதிக்கப்பட்டது. ஆசிரியர் அறையில் அதை நான் உரக்கப் படித்துக் காட்டி, "பணம் இருந்தா மனசாட்சி இருக்காதுப்பா" என்றேன். நான்கே மாதம். நானும் என் மாவட்டத்தின் பழங்குடி ஊருக்குக் காரில் கிளம்பினேன். அவர்கள் பொய் சொல்லி உள்ளே போக வேண்டியிருந்தது. எனக்கு அந்தத் தேவைகூட இருக்கவில்லை. எந்தப் பின்கோடிலும் யாரும் பதியலாம் என்று விதியே கதவைத் திறந்து வைத்திருந்தது.

கச்சிராயபாளையத்தில் போலீஸ் நிறுத்தினார்கள். போனில் வந்திருந்த குறுஞ்செய்தியைக் காட்டினேன், விட்டார்கள். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினோம். பேருந்து ஓடாத நாட்கள். சாலை ஓரமாகச் சிலர் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். வயதானவர்கள், கையில் மஞ்சள் பை, பையில் ஆதார் அட்டையாகத்தான் இருக்கும். அவர்களும் அதே இடத்துக்குத்தான் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. தொற்று வந்துவிடும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

சுகாதார நிலையத்தின் வாசலில் ஜனம் இருந்தது. இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். மலையாளி என்று பெயர் கொண்ட அந்தத் தமிழ்ப் பழங்குடி மக்கள் அன்றைக்கு வந்திருந்தார்கள். யாரும் வண்டி வைத்து அழைத்து வரவில்லை, அரிசி பருப்பு தருவதாகச் சொல்லவில்லை. தாங்களாகவே நடந்து வந்திருந்தார்கள். செவிலியர் கையில் பட்டியல். வந்திருக்கும் மருந்து கொஞ்சம், அதில் பெரும்பகுதி ஆன்லைனில் பதிந்தவர்களுக்குப் போய்விட்டது, மீதி சில பேருக்குத்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. திரையில் இருந்த பெயர்களைத்தான் அவர் வாசித்தார். அந்தப் பெயர்களில் ஒன்றுகூட அந்த மலையைச் சேர்ந்ததில்லை.

"வாத்தியாரய்யா" என்று ஒரு குரல். என்னிடம் படித்த பையனின் அம்மா. நான் மலையில் இருந்த காலத்தில், பள்ளி விடுமுறை நாட்களில் அந்த வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு, நான் சாப்பிட்டு எழுந்த பிறகே அவர் சாப்பிடுவார். பக்கத்தில் பையன். கேரளாவில் கட்டட வேலைக்குப் போய், ஊரடங்கில் திரும்பியிருந்தான்.

"ஊசி போட வந்தோம் சார். ஆன்லைன்ல போட்டவங்களுக்குத்தானாம். நீங்க எங்க சார் இங்க?"

அந்த நொடியில் என்னிடம் நான்கு ஊசி இருந்தது. ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கலாம். என் வேலை நடக்காவிட்டால் போகட்டும், இந்த அம்மாவுக்குப் போடுங்கள் என்று செவிலியரிடம் கேட்டாவது பார்த்திருக்கலாம். நான் சொன்னது இது: "டூட்டிக்கு வந்தேன்பா. நாளைக்கு வாங்க, போடுவாங்க." இரண்டும் பொய். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. மறுநாள் மருந்து வருமா என்பது எனக்குத் தெரியவே தெரியாது. "பாத்துப் போங்க வாத்தியாரய்யா, காத்து கெட்டுக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா திண்ணையை விட்டு இறங்கினார். உள்ளே என் பெயரை வாசித்தார்கள். போனேன். இடது கையில் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். ஜன்னல் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். ஊசி இல்லை. ஜூன் முதல் வாரத்தில் மாநிலம் முழுக்கவே கையிருப்பு தீர்ந்தது. அந்த மாதமே அந்த ஊரில் காய்ச்சல் பரவியது. அந்த அம்மாவைக் கீழே இறக்கி, மருத்துவமனையில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் மூச்சு பழையபடி திரும்பவில்லை. மரவள்ளிக் கொல்லைக்கு மேடேறிப் போக முடியவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளப் பையன் ஊரிலேயே தங்கினான். கேரளத்து மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். கிழங்கு பிடுங்கக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். கூலி கொடுக்கக் கடன் வாங்கினார்கள்.

அன்றைக்கு ஓர் ஊசி போட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று என்னால் நிரூபிக்க முடியாது. முதல் ஊசி வேலை செய்யவே சில வாரம் ஆகும். ஆனால் அந்தச் சந்தேகத்தின் பலனை எனக்கு நானே கொடுத்துக்கொள்ள உரிமை இல்லை. கொடுப்பதானால் அவர்கள் கொடுக்க வேண்டும்.

விதி அனுமதித்தது என்று பல நாள் எனக்குள் வாதாடினேன். மே 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துக்காரர் கோவினில் எப்படிப் பதிவார் என்று மத்திய அரசைக் கேட்டது. டெல்லியில் இருப்பவர்களுக்குத் தோன்றிய கேள்வி, மலையில் பாடம் நடத்திய எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. பொத்தானை அமுக்குவதற்கு முன்பே தோன்றியது. நாங்கள் போகாவிட்டால் மருந்து வீணாகியிருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். வாசலில் நின்ற ஜனத்தைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த வாதமும் செத்துவிட்டது.

இதைவிடக் கேவலமானது இனிமேல்தான் வருகிறது.

ஜூலையில் ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. மலையில் தடுப்பூசி சதவீதம் குறைவாமே என்று ஒருவர் கேட்டார். "அவங்களுக்கு விழிப்புணர்வு இல்ல சார். ஊசின்னாலே காட்டுக்குள்ள ஓடிடுவாங்க. நான் அங்க இருந்தவன், எனக்குத் தெரியும்" என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தானாக வாயில் வந்தது. பறித்தவனுக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டது. அவர்களுக்கே வேண்டாம் என்றால், நான் எடுத்தது திருட்டு ஆகாது அல்லவா?

செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுக்க 40,000 இடங்களில் மாபெரும் தடுப்பூசி முகாம் நடந்தது. 20 லட்சம் பேர் இலக்கு, 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். இப்போது ஊசி தாராளம், ஆளைத் தேடும் காலம். அடுத்தடுத்து வாராவாரம் முகாம்கள். மலையைப் பழகியவன் என்று அவற்றில் ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். பட்டியலோடு வீடு வீடாகப் போனோம். அந்த அம்மாவின் வீட்டுக்கும் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஊசி வேண்டாம் என்றார்.

"அன்னைக்கு நாங்களே தேடி வந்தோம், இல்லேன்னு அனுப்பிட்டாங்க. அன்னைக்கு நல்லதா இருந்துச்சு, டவுன்காரங்க எடுத்துக்கிட்டாங்க. இப்ப வூடு தேடி வந்து போடறேங்கறீங்க. மிஞ்சிப்போனதா எங்களுக்கு?"

பக்கத்து வீட்டிலும் அதே பேச்சு. இவர்களுக்கு ஊசி மேல் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று அப்போது நேருக்கு நேராகத் தெரிந்தது. கேட்டபோது கொடுக்காத கை, கேட்காதபோது வலிய வந்து கொடுத்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. கீழே இருந்து ஏறி வருபவர்கள் கொண்டுவருவதைவிடக் கொண்டுபோவது அதிகம் என்று அவர்கள் கண்ட அனுபவத்தில், மே மாதத்தில் நானும் ஒன்றைச் சேர்த்திருந்தேன்.

பட்டியலில் ஒரு கட்டம் இருந்தது: போடாததற்குக் காரணம். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கலாம். மே மாதம் வந்தார், திருப்பி அனுப்பப்பட்டார், அதனால் நம்பிக்கை இல்லை என்று எழுத ஒரு வரி போதும். எழுதினால் மே மாதம் என்ன நடந்தது என்று யாராவது கேட்பார்கள். நான் எழுதியது: "மறுப்பு. அச்சம், விழிப்புணர்வின்மை." கையெழுத்தும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கறி, மது என்று பலர் ஊசிக்கு வருவதில்லை என்று தெரிந்ததும், அக்டோபர் 23 முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். காரணம் சரியாக மேலே போய்ச் சேர்ந்ததால் அரசாங்கம் முகாமின் கிழமையையே மாற்றியது. மலையின் காரணத்தை மேலே கொண்டுசேர்க்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அது என் கையோடு நின்றது. அக்டோபர் 21 அன்று நாட்டில் 100 கோடி ஊசி போட்டாயிற்று என்று கொண்டாடியபோது, சான்றிதழோடு படம் எடுத்துப் போட்டேன். அதற்கும் நிறைய பாராட்டு வந்தது.

கடைசியில் அந்த ஊரை நம்பவைத்தது ஒரு கிராம சுகாதார செவிலியர். திரும்பத் திரும்ப வீட்டுக்கு வீடு போனார். மே மாதம் திருப்பி அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டார். அவர் செய்யாத தப்புக்கு, நான் செய்த தப்புக்கு. அந்த அம்மாவும் பிறகு போட்டுக்கொண்டார்.

சென்ற வருடம் பையனைக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பார்த்தேன். டீக்கடையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சார். அன்னைக்கு உங்க பேரைக் கூப்பிட்டப்போ நான் வாசல்லதான் நின்னேன். அம்மாகிட்டதான் சொல்லல. அவங்க உங்கள நல்லவர்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

இத்தனை வருடம் என் மானத்தை அவன் காப்பாற்றி வந்திருக்கிறான். அவனிடம் சொன்னதால் பாரம் இறங்கவில்லை. அவனுக்குத் தெரியாததை நான் எதுவும் சொல்லவில்லையே. அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போகும் துணிவு வரவில்லை. அவர் நினைப்பிலாவது நல்லவனாக இருந்துவிட்டுப் போகிறேனே என்று மனம் கெஞ்சுகிறது. இதுவும் மே மாதத்து மிதப்புதான், வேறு வேடத்தில். சீக்கிரம் போய்ச் சொல்லிவிடுவேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. போகாமல் அதை எழுதக் கூடாது.

அந்தப் பட்டியல் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ, எந்த அறிக்கையில் எண்ணிக்கையாகச் சேர்ந்ததோ, என்னால் போய்த் திருத்த முடியாது. இங்கே திருத்துகிறேன். மார்ச்சில் ஊசியை மறுத்தவன், எழுதப் படிக்கத் தெரிந்த, அறிவியல் சொல்லிக்கொடுக்கிற நான். மே மாதம் மலையில் ஊசி கேட்டு நடந்து வந்தவர்கள் அவர்கள். கல்வராயன் மலையில் தடுப்பூசித் தயக்கம் இருந்தது என்று இனி யார் எழுதினாலும், அதற்கு முந்தைய வரியில் இதையும் எழுதுங்கள்: அவர்கள் முதலில் வந்தார்கள், நாங்கள் எடுத்துக்கொண்டோம்.